கம்பம் உழவர் சந்தையில் 400 ரூபாய்க்கு ஒரு வாரக் காய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கம் குடியிருப்பவர்களும், மலைக்கு மேலே கேரளத்துக் குமுளி, வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம் பகுதித் தோட்டங்களில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிற நம் ஆட்களும் வாரம் ஒருமுறை காய் வாங்குவது பற்றி அடிக்கடி கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கையில் இருப்பது குறைந்த காசு என்று வைத்துக்கொண்டுதான் எல்லாப் பதிலும் எழுதியிருக்கிறது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: என்ன சமைப்பது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள். விலைப்பலகையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உழவர் சந்தையும் வாரச்சந்தையும் ஒன்றா?

இல்லை. உழவர் சந்தை அரசு நடத்துவது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அப்போதைய முதல்வர் மு. கருணாநிதி முதல் சந்தையைத் திறந்து வைத்தார். அதே ஆண்டு ஜனவரியில் ஆந்திராவில் ரைத்து பஜார் தொடங்கியிருந்தது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே நேராக விற்பது என்கிற அதே ஏற்பாடுதான் இங்கும். கடைக்கு வாடகை கிடையாது, கமிஷன் கிடையாது, தராசும் சந்தையிலேயே கொடுக்கிறார்கள். நிலம் இருக்கிறதா, என்ன பயிர் போட்டிருக்கிறார் என்று சரிபார்த்து, படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுத்த பிறகுதான் உள்ளே உட்கார முடியும்.

வாரச்சந்தை வேறு. அங்கே குத்தகை எடுத்தவர் கடைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குவார். யார் வேண்டுமானாலும் விற்கலாம். காய் மட்டுமில்லை, கருவாடு, துணி, பாத்திரம் எல்லாம் கிடைக்கும். காயைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். கூறு மலிவாகத் தெரியும். அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

விலைப்பலகையில் இருக்கிற விலை எப்படி வருகிறது?

காலையில் சந்தை அலுவலர்கள் பக்கத்து மொத்த மார்க்கெட் விலையையும் வெளியே சில்லறைக் கடை விலையையும் விசாரிப்பார்கள். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி விலை வைப்பது வழக்கம். கமிஷன் கடையில் விவசாயிக்குக் கிலோ 20 ரூபாய் கிடைக்கிற கத்தரிக்காய், தெருக்கடையில் 28 ரூபாய்க்கு விற்கிறது என்று வையுங்கள். சந்தையில் அது 24 ரூபாய் அளவில் இருக்கும். அவருக்கு நாலு ரூபாய் கூட, நமக்கு நாலு ரூபாய் மிச்சம். நடுவில் யாரும் இல்லாததால் வருகிற காசு இது.

அதனால் நுழைந்தவுடன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், பலகை முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். கிலோ விலை எது எது கீழே இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்து வெஞ்சனம் என்ன என்று அந்தப் பலகைதான் சொல்ல வேண்டும்.

நாலு பேர் குடும்பத்துக்கு 400 ரூபாய் போதுமா?

போதும், ஆனால் பிரித்து வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உருளை, மரவள்ளி போன்ற கிழங்குகள் இந்தக் கணக்கில் வராது. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ, வாரத்துக்கு 11 கிலோ சொச்சம். 400 ரூபாயில் அதை எட்ட வேண்டுமென்றால் கிலோ சராசரி 36 ரூபாயைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நான் பிரிக்கிற விதம் இது. 150 ரூபாய் கனத்த காய்களுக்கு: பூசணி, சுரைக்காய், முட்டைக்கோஸ், முள்ளங்கி, நூக்கல், பீட்ரூட், இவற்றில் அன்றைக்கு மலிவான மூன்று நான்கு. இதிலேயே ஐந்து கிலோவுக்கு மேல் வந்துவிடும். வாரத்தைத் தாங்குவது இதுதான். 100 ரூபாய் தினமும் வேண்டிய சாமான்களுக்கு: தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் நாலு காய் வாங்குகிற இடத்தில் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கிடைக்கும். 50 ரூபாய் கீரைக்கு. 60 ரூபாய் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த ஒரு காய்க்கு; அது வெண்டையோ, பீன்ஸோ, முருங்கையோ, விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கட்டும். மீதி 40 பழத்துக்கு.

பிடித்த காய்க்கென்று 60 ரூபாயைத் தனியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாரம் முழுக்க சுரையும் பூசணியும் என்றால் பிள்ளைகள் தட்டை ஒதுக்கிவிடுவார்கள், அப்புறம் பஜ்ஜிக்கும் பரோட்டாவுக்கும் காசு போகும். அதைவிட ஒரு நாள் வெண்டைக்காய் பொரியல் மேல்.

விலை ஏறி இறங்கும்போது ரூபாய் மாறும், இந்தப் பங்கு மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கையில் 300 ரூபாய்தான் இருக்கிறது என்றால் கீரையில் கை வைக்காதீர்கள். பிடித்த காயிலும் தினசரிச் சாமானிலும் குறையுங்கள்.

எத்தனை மணிக்குப் போவது நல்லது?

கீரை, வெண்டை, பீர்க்கு, புடலை வேண்டுமென்றால் வெள்ளெனப் போங்கள். விடிகாலையில் பறித்த கீரை ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். கனத்த காய் மட்டும்தான் என்றால் ஒன்பது, பத்து மணிக்குப் போனாலும் போதும், பூசணி ஓடிவிடாது. கடைசி நேரத்தில் விவசாயி மூட்டை கட்டும் முன் விலையைக் குறைப்பார் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் மீந்திருப்பது பலர் கிளறிப் போட்ட காய். அன்றைக்கே சமைப்பதென்றால் வாங்கலாம், ஒரு வாரத்துக்கு வைப்பதற்கு ஆகாது.

பேரம் பேசலாமா?

பலகை விலைக்கு மேல் கேட்டால் தயங்காமல் பலகையைக் காட்டுங்கள். அதையும் மீறினால் அலுவலகம் சந்தைக்குள்ளேயே இருக்கிறது, போய்ச் சொல்லலாம். பலகை விலையையே குறைக்கச் சொல்வது வேறு விஷயம். அந்த நாலு ரூபாய்க்காகத்தான் அவர் கமிஷன் கடைக்குப் போகாமல் இருட்டில் பஸ் ஏறி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் வருவது நின்றுபோனால் நமக்கும் மலிவு நின்றுபோகும். கிலோ கணக்கில் வாங்கும்போது, 'அக்கா, ரெண்டு கிலோவா எடுக்கிறேன், பார்த்துப் போடுங்க' என்று சொன்னால் அவரே ஒரு காய் சேர்த்துப் போடுவார். வாராவாரம் அதே ஆளிடம் வாங்கிப் பாருங்கள். 'தம்பி, இன்னைக்கு இந்தக் கத்தரி வேண்டாம், நேத்துப் பறிச்சது' என்று அவரே சொல்வார். வீட்டுச் செலவில் அதைவிடப் பெரிய மிச்சம் கிடையாது.

எடை சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

காயை வைக்கும் முன் மின்னணுத் தராசில் பூஜ்ஜியம் தெரிய வேண்டும். தட்டோ கூடையோ தராசின் மேல் இருந்தால் அதையும் சேர்த்துப் பூஜ்ஜியம் ஆக்கியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பாருங்கள். பாக்கெட் உறையின் எடையும் சேர்ந்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டினால் சரி. தராசுகளில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்க வேண்டும் என்பது சட்டம்.

நல்ல காயைப் பார்த்து எடுப்பது எப்படி?

ஒவ்வொரு காயாகச் சொன்னால் நீண்டுவிடும். பலர் ஏமாறுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கத்தரிக்காயில் முதலில் காம்பைப் பாருங்கள். காம்பு பச்சையாக, முள் குத்துகிற மாதிரி இருந்தால் புதுசு. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் இரண்டு நாள் ஆகிவிட்டது. அப்புறம் காயைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். குண்டூசி குத்திய மாதிரி ஓட்டை இருந்தால் உள்ளே புழு. கையில் எடுத்தால் பார்வைக்குத் தெரிவதைவிட இலேசாக இருக்க வேண்டும். கனத்தால் விதை முற்றியிருக்கும்.

சுரைக்காயில் நகத்தை இலேசாக அழுத்தினால் உள்ளே இறங்க வேண்டும். அழுத்திப் பார்த்த காயை வாங்கிவிடுங்கள், நகம் பட்டதை வைத்துவிட்டுப் போவது நியாயமில்லை. வீட்டில் நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காசு போனால் போகிறது என்று தூக்கிப் போடுங்கள். கசப்புச் சுரை வயிற்றை மோசமாகக் கெடுத்து ஆஸ்பத்திரி வரை கொண்டு போகும்.

வெண்டையின் நுனியை எல்லோரும் ஒடிக்கிறார்கள். ஒடித்ததை யாரும் வாங்க மாட்டார்கள், விவசாயிக்கு அது நஷ்டம். நீளம் ஒரு விரலுக்கு மேல் போகாத காயை எடுங்கள்; ஒடிக்கவே வேண்டாம்.

முட்டைக்கோஸில் பெரிதைத் தேடாமல் கனத்ததைத் தேடுங்கள். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கையில் கனக்கிறதுதான் உள்ளே இறுகியிருக்கும்.

எந்தக் காலத்தில் எது மலிவு? ஓணம் வந்தால் விலை ஏன் ஏறுகிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் காய் விலையை நம் வானிலை பாதி, கேரளத்துக் காலண்டர் பாதி முடிவு செய்கின்றன. இங்கே விளைகிற காய் லாரி லாரியாகக் குமுளி, கம்பம்மெட்டு வழியாக மேலே போகிறது. ஆவணியில் ஓணம் நெருங்கும்போது அவியலுக்கும் ஓலனுக்கும் எரிசேரிக்கும் வேண்டிய காய்களுக்கு, அதாவது சேனை, வெள்ளைப்பூசணி, தட்டைப்பயறு, நேந்திரங்காய், முருங்கை, இவற்றுக்கெல்லாம் கிராக்கி வந்துவிடும். நமக்கும் அது ஆவணி முகூர்த்த மாதம். இரண்டும் சேர்ந்தால் விலை எகிறும். ஓணத்துக்கு முந்தின பத்து நாள் அந்தக் காய்களை விட்டுவிட்டு சுரை, பீர்க்கு, நூக்கல், கீரை என்று ஒதுங்கிக்கொள்வது நல்லது. சேனையும் மஞ்சள்பூசணியும் வைத்தால் நிற்கிறவை. ஓணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே முழுசாக வாங்கி வைத்துவிடலாம்.

புரட்டாசியில் நம் பக்கம் பலர் கவிச்சி தொடுவதில்லை, காய்க்குச் செலவாணி கூடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தக்காளியும் கீரையும் அழுகி விலை ஏறும். கார்த்திகை ஒன்று முதல் மகரவிளக்கு வரை சபரிமலைக்குப் போகிறவர்களில் பலர் கம்பம் வழியாகத்தான் மலை ஏறுகிறார்கள். வழியெல்லாம் அன்னதானம், ஓட்டல் என்று காய்க்கும் வாழைப்பழத்துக்கும் தேவை அதிகம். முருங்கை மார்கழி, தை மாதங்களில் தங்க விலை விற்கும், பங்குனி, சித்திரையில் வாங்க ஆள் இல்லாமல் கிடக்கும். முருங்கை சாம்பார் கோடைக்கு உரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் மாதங்களில் அதே மரத்துக் கீரை இருக்கவே இருக்கிறது.

குமுளியிலிருந்து காய்க்காகவே கம்பத்துக்கு இறங்கி வருவது கட்டுப்படியாகுமா?

ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் கட்டாது. இறங்கி ஏறுகிற பஸ் கட்டணத்தைப் பத்துக் கிலோவில் பிரித்துப் போட்டுப் பாருங்கள், கிலோவில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் கரைந்திருக்கும். லயத்தில் நாலு வீடு சேர்ந்து, வாரம் ஒரு வீட்டு ஆள் என்று முறை வைத்துக்கொண்டால் நன்றாகக் கட்டும். நாலு வீட்டுக்கும் சேர்த்து முழுப் பூசணி, ஐந்து கிலோ தக்காளி என்று வாங்கும்போது விலையும் இறங்கும். வேறு வேலையாக, ஆஸ்பத்திரி, பேங்க், சொந்தக்காரர் வீடு என்று கீழே வரும் நாளில் வாங்கிப் போவது இன்னொரு வழி. தமிழ்நாட்டுக்குள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், கூடலூர், உத்தமபாளையம் பக்கத்தவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு.

மேலே இருப்பவர்கள் கீழே வந்து வாங்கக் கூடாதவையும் உண்டு: மரவள்ளி, சேம்பு, பலா, காந்தாரி மிளகாய். இவை அக்கம்பக்கத்துத் தொடியிலேயே (வீட்டுத் தோட்டத்திலேயே) விளைகின்றன. சீசனில் பலாக்காயைக் கேட்டால் பறித்துக்கொண்டு போகச் சொல்வார்கள். ஒரு பலாக்காய் இரண்டு நாள் கறிக்கு ஆகும்.

செக்போஸ்ட்டில் கேள்வி கேட்பார்களா?

வீட்டுக்கு வாங்கிப் போகிற காய்க்கு ஒன்றும் இல்லை. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. ரேஷன் அரிசியை மட்டும் யார் கொடுத்தாலும் காய்ப் பைக்குள் வைத்துக் கொண்டு போகாதீர்கள். கடத்தல் வழக்கு ஆகிவிடும்.

பாலித்தீன் பையும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலும், கேரளத்தில் 2020 ஜனவரி முதலும் தடை. இரண்டு மஞ்சப்பையும் ஒரு சாக்குப்பையும் போதும். சாக்கில் கனத்த காய் அடியில், தக்காளி தனிப் பையில்.

ஃப்ரிட்ஜ் இல்லை. ஒரு வாரம் காய் தாங்குமா?

தாங்கும், வரிசையாகச் சமைத்தால். முதல் இரண்டு நாள் கீரை. அடுத்து வெண்டை, பீன்ஸ், அவரை. நடு வாரத்தில் கத்தரி, பீர்க்கு, புடலை. கடைசிக்குக் கோஸ், பீட்ரூட், முழுப் பூசணி. எவ்வளவு மலிவாக இருந்தாலும் கீரை மூன்று நாலு கட்டுக்கு மேல் ஒரே நாளில் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. முள்ளங்கி, நூக்கல், பீட்ரூட்டின் இலையை உடனே நறுக்கி எடுங்கள். இலை இருந்தால் கிழங்கின் ஈரத்தை அது உறிஞ்சும், கிழங்கு வதங்கும். அந்த இலையை எறிய வேண்டாம், அன்றைக்குப் பொரியலுக்கு ஆச்சு. காசு கொடுத்து வாங்கியதுதானே. கீரையைக் கழுவாமல், அழுகிய இலையை மட்டும் எடுத்துவிட்டு, ஈரத்துணியில் சுற்றிக் காற்றாட வையுங்கள். கொத்தமல்லியை வேரோடு டம்ளர் தண்ணீரில் நிற்க வையுங்கள். தக்காளியைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் பரப்புங்கள். பழுத்தது முன்னால், செங்காய் பின்னால். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளை சீக்கிரம் முளைவிடும். பழுத்த வாழைப்பழத்தைக் காய்ப் பக்கமே வைக்க வேண்டாம்.

கம்பம் பக்கத்து வறண்ட வெயிலில் இரட்டைப் பானை நன்றாக வேலை செய்யும். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பி, மணலைத் தினம் இரண்டு முறை நனைத்து, மேலே ஈரச்சாக்கு போட வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். குமுளிப் பக்கம் ஜூன், ஜூலை மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் இது பயன்படாது. அங்கே காற்றோட்டமான மூங்கில் தட்டும் காகிதமும்தான் சரி.

மருந்து அடித்த காயாக இருந்தால்?

விற்கிறவரையே கேளுங்கள்: 'எப்ப மருந்து அடிச்சீங்க, எப்ப பறிச்சீங்க?' நேரடியாகப் பதில் கேட்க முடிவது உழவர் சந்தையில் மட்டும்தான். வீட்டில் காயைப் புளித்தண்ணீரிலோ உப்புத் தண்ணீரிலோ கால் மணி நேரம் ஊறவைத்து, அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். மேலே ஒட்டியிருப்பது ஓரளவு போகும், செடி உறிஞ்சியது போகாது. கறிவேப்பிலை, கொத்தமல்லி, காலிஃபிளவருக்கு இது கட்டாயம். சமைக்கும் முன்தான் அலச வேண்டும். அலசி வைத்தால் அழுகும்.

தக்காளி கிலோ நூறைத் தாண்டினால் என்ன செய்வது?

2023 ஜூலையில் பார்த்தோமே, அந்த மாதிரி நேரம் திரும்பத் திரும்ப வரும். அப்போது தக்காளியை விட்டுவிடலாம். புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, கூட்டு, மாங்காய் போட்ட பருப்பு என்று ஒரு வாரம் ஓட்டுவது கஷ்டமில்லை. கிலோ பத்துக்கும் கீழே விழுகிற நாளும் வரும். விவசாயி பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தவிக்கிற நாள் அது. அன்றைக்கு ஐந்து கிலோவாக எடுங்கள். பாதியைத் தொக்கு கிண்டி நல்லெண்ணெய் மிதக்க வைத்தால் மாதம் தாங்கும். பாதியை உப்புப் போட்டு வெயிலில் வற்றலாக்கலாம். கொத்தவரை, கத்தரி, பாகல் எதுவாக இருந்தாலும் மலிந்த வாரத்தில் வற்றல் போட்டு வைத்தால் அடைமழை வாரத்துக் குழம்புக்குக் காய் தயார்.

பழத்துக்கு 40 ரூபாயில் என்ன கிடைக்கும்?

கம்பத்தில் இருந்துகொண்டு ஆப்பிள் தேட வேண்டாம். நம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மற்ற ஊர்களைப் போல ஒரு சீசன் என்றில்லாமல் ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கிறது. கொத்திலிருந்து உதிர்ந்ததைத் தனியாக உதிரி என்று குறைந்த விலைக்குத் தருவார்கள். ருசி ஒன்றுதான், அன்றைக்கே தின்றுவிட வேண்டும். வாழைப்பழத்தைச் சீப்பாக, பாதி காயாக வாங்கினால் வாரம் வரும். கொய்யாவும் பப்பாளியும் மலிவாகக் கிடைக்கும்போது வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

நான் தனி ஆள். கால் கிலோ, நூறு கிராம் கேட்டால் தருவார்களா?

தருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். கால் கிலோவுக்கும் பலகை விலைதான். நூறு ரூபாய்த் தாளை நீட்டாமல் சில்லறையாக வைத்திருந்தால் காலை நேரத்தில் விற்கிறவருக்குப் பெரிய உதவி. சுரை, பூசணி, கோஸ் மாதிரி முழுசாக வாங்க வேண்டியதைப் பக்கத்து வீட்டோடு பாதி பிரித்துக்கொள்ளுங்கள். பூசணியை வெட்டியும் தருவார்கள். நாலு காயில் ஒவ்வொரு கை சேர்த்து 'கூட்டுக்காய் கால் கிலோ' என்று கேட்டால் சிலர் கலந்தே போடுவார்கள். தனி ஆளுக்கு இரண்டு வேளைக் கூட்டுக்கு அது சரியாக இருக்கும்.